கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட குழந்தையை எவ்வளவு தூரம் ஓடவிடலாம்?

மதுரை அம்மா (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது ஆகிறது. பிறந்த இரண்டாம் மாதத்திலேயே அவளுக்குப் பிலியரி அட்ரீசியா (பித்தக் குழாய்கள் அடைபட்டிருக்கும் நோய்) இருப்பது தெரியவந்து, பித்தம் குடலுக்கு இறங்க வழி செய்யும் கசாய் அறுவை சிகிச்சை செய்தார்கள். பித்தம் சரிவர இறங்காமல் மஞ்சள் காமாலை கூடிக்கொண்டே போனதால், ஒன்றரை வயதில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அவளுடைய அப்பாதான் தம் கல்லீரலின் இடப்பக்கத்துச் சிறு பகுதியைக் கொடுத்தார். இறைவன் அருளால் அதன் பிறகு பெரிய தொந்தரவு எதுவும் வரவில்லை. மாற்றிய கல்லீரலை உடல் ஒதுக்காமல் இருக்க, நோய் எதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தை மட்டும் காலையும் இரவும் கொடுத்து வருகிறோம். ரத்தப் பரிசோதனை முடிவுகள் ஒழுங்காக இருப்பதாகவே மருத்துவர் ஒவ்வொரு முறையும் சொல்கிறார்.

என் கவலை அவளுடைய உடல் வலிமை பற்றியது. படிப்பில் கெட்டிக்காரி, வயதுக்கேற்ற உயரத்தில் சற்றே குறைவு, அவ்வளவுதான். ஆனால் இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தெருவில் மற்ற பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடத் தொடங்கினால் சிறிது நேரத்தில் ஓரமாக வந்து உட்கார்ந்துகொள்கிறாள். தரையில் படுத்திருப்பவள் நேராக எழுந்து உட்காருவதில்லை. ஒருக்களித்து, கையை ஊன்றித்தான் எழுகிறாள். பள்ளியிலோ, விளையாட்டு வகுப்பு வந்தாலே அவளை மைதானத்துப் படிக்கட்டில் உட்காரவைத்து, மற்ற பிள்ளைகளின் தண்ணீர்ப் பாட்டில்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறார்கள். ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்பது பள்ளியின் கேள்வி. வீட்டில் என் மாமியாருக்கும் அதே பயம்தான். அவள் குதித்தாலே அவருக்கு நெஞ்சு படபடக்கிறது.

மருத்துவரிடம் கேட்டபோது, எல்லாப் பிள்ளைகளையும்போல விளையாடவிடுங்கள் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பள்ளியோடு பேசவும் முடியவில்லை, வீட்டில் இருப்பவர்களைச் சமாதானப்படுத்தவும் முடியவில்லை. மூச்சு வாங்குவது கல்லீரலால் வருவதா? ஓடினால், குதித்தால் மாற்றிய கல்லீரலுக்கு ஏதேனும் ஆகுமா? எந்த விளையாட்டுகளை அனுமதிக்கலாம், எவற்றை அடியோடு தவிர்க்க வேண்டும்? இதே பாதையில் நடந்தவர்களும் துறை அறிந்தவர்களும் விளக்கமாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

கோவை அப்பா (மறுமொழி)

வணக்கம் சகோதரி. என் மகனுக்கு நான்கு வயதில் கல்லீரல் மாற்றம் நடந்தது. இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறான். மாவட்ட அளவில் இறகுப்பந்து விளையாடுகிறான். முதலிலேயே இதைச் சொல்லக் காரணம், உங்கள் மாமியாரிடம் நீங்கள் படித்துக் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான்.

எங்கள் வீட்டிலும் தொடக்கத்தில் இதே பயம் இருந்தது. அதைப் போக்கியவர் எங்கள் அறுவை சிகிச்சை நிபுணர். உங்கள் மகனுக்குள் இருப்பது நோயுற்ற கல்லீரல் அல்ல, அவனுடைய தாயின் ஆரோக்கியமான கல்லீரல். அது அவனோடு சேர்ந்து வளர்கிறது. நன்றாக ஓடுகிற உடம்பில்தான் அதுவும் நன்றாக இருக்கும் என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். இந்தியாவில் முதன்முதலாகக் கல்லீரல் வெற்றிகரமாக மாற்றப்பட்ட குழந்தை நம் காஞ்சிபுரத்துப் பிள்ளைதான். 1998ஆம் ஆண்டு நவம்பரில், தில்லி அப்போலோ மருத்துவமனையில், இரண்டு வயதுகூட நிரம்பாத அந்தக் குழந்தைக்கு அவனுடைய தந்தை கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்தார். அவனுக்கும் இருந்தது உங்கள் மகளுக்கு இருந்த அதே பிலியரி அட்ரீசியாதான். அந்தப் பிள்ளை வளர்ந்து, படித்து, மருத்துவராகவே ஆகிவிட்டார். அதைக் கேட்ட பிறகு என் மனைவியின் முகத்தில் தோன்றிய தெளிவை நான் இன்றும் நினைத்துக்கொள்வதுண்டு.

நடைமுறையில் நாங்கள் செய்தது, ஒரே நாளில் மைதானத்துக்கு அனுப்பாமல், முதலில் மாலை நடை, பிறகு மிதிவண்டி, பிறகு வீட்டு வாசலிலேயே இறகுப்பந்து என்று படிப்படியாகக் கூட்டியதுதான். மூச்சு வாங்குவது பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதைத் துறையில் இருப்பவர்கள் சொல்வதே முறை.

குழந்தைகள் இயன்முறை மருத்துவர், சென்னை (மறுமொழி)

அம்மா, உங்கள் பதிவில் மூன்று செய்திகள் எனக்கு முக்கியமாகப் பட்டன: மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, கையை ஊன்றி ஒருக்களித்து எழுவது, விளையாட்டு வகுப்பில் உட்காரவைக்கப்படுவது. கல்லீரல் மாற்றம் செய்துகொண்ட குழந்தைகளோடு பல ஆண்டுகளாக வேலை செய்பவள் என்ற முறையில் சொல்கிறேன், இம்மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

முதலில் மூச்சு. பெரும்பாலும் இது பழக்கமில்லாத உடம்பு காட்டும் களைப்பாகத்தான் இருக்கும். ஆயினும் அப்படி முடிவு கட்டுவதற்கு முன்பு சிலவற்றை இல்லையென்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவு நம் ஊர்ப் பிள்ளைகளிடம் மிகச் சாதாரணம். விரலில் மாட்டும் கருவியால் ஆக்ஸிஜன் அளவைப் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும், மாடி ஏறிய உடனேயும் பார்க்கச் சொல்லுங்கள். கல்லீரல் கெட்டிருந்த காலத்தில் சில குழந்தைகளுக்கு நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து ஆக்ஸிஜன் குறைவதுண்டு. கல்லீரல் மாற்றிய சில மாதங்களில் அது பெரும்பாலும் சரியாகிவிடும். மேலும், சிறு பகுதிக் கல்லீரல் பெற்ற குழந்தைகளில் சிலருக்குக் குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை ஆண்டுகள் கழித்துச் சுருங்கக்கூடும். அப்போது கல்லீரல் நொதிகள் ஒழுங்காகவே இருக்க, மண்ணீரல் மட்டும் பெரிதாகி, ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். ஆகவே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் கடைசியாக எப்போது எடுத்தார்கள், தட்டணு எண்ணிக்கை எப்படி இருக்கிறது, மண்ணீரல் எந்த அளவில் இருக்கிறது என்று அடுத்த முறை போகும்போது கேளுங்கள். இவை சரியாக இருந்தால், மூச்சு வாங்குவதற்காக ஓட்டத்தைத் தடுக்கக் காரணம் இல்லை. ஓடினால்தான் அது குறையும்.

கல்லீரல் மாற்றம் பெற்ற குழந்தைகளை ஓடுபட்டையிலும் மிதிவண்டி இயந்திரத்திலும் வைத்து, முழு மூச்சோடு உழைக்கும்போது உடல் எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்துகிறது என்று வெளிநாடுகளில் அளந்திருக்கிறார்கள். கல்லீரல் நன்றாக வேலை செய்யும் குழந்தைகளிடமும், ஒத்த வயதுப் பிள்ளைகளைவிட அந்த அளவு குறைவாகவே காணப்பட்டது. வயிற்றுத் தசைகளின் வலிமையும் அவ்வாறே குறைந்திருந்தது. மாற்றிய கல்லீரலில் குறை எதுவும் இல்லாதபோது இது ஏன் வருகிறது என்பதைப் பெற்றோர் அவசியம் புரிந்துகொள்ள வேண்டும்.

பிறந்து சில வாரங்களிலேயே நோய் தொடங்கிவிடுகிறது. பித்தம் குடலுக்கு வராததால் கொழுப்பும், கொழுப்பில் கரையும் ஏ, டி, இ, கே வைட்டமின்களும் உடலில் சேர்வதில்லை. கொழுத்துத் திரள வேண்டிய மாதங்களில் குழந்தையின் தொடைகளும் தோள்களும் மெலிந்துகொண்டு போகின்றன. வயிற்றில் நீர் கோத்துப் பெருத்திருப்பதால் மற்றக் குழந்தைகளைப்போல அதைக் குப்புறப் போட முடியாது. குப்புறக் கிடந்து தலையைத் தூக்கி, கையை ஊன்றி, தவழ்ந்து பெற வேண்டிய முதுகு வலிமையும் வயிற்று வலிமையும் கிடைக்காமலே போகின்றன. அதன் பிறகு நீண்ட மருத்துவமனை வாசம். பிறகு அறுவை சிகிச்சை. விலா எலும்புகளுக்குக் கீழே வயிற்றின் குறுக்கே போகும் அந்தக் கீறல், நடு வயிற்றின் நெடுந்தசைகளை வெட்டித்தான் உள்ளே செல்கிறது. கசாய் செய்த குழந்தைகளுக்கு அதே வயிறு இரண்டு முறை திறக்கப்பட்டிருக்கும். தொடக்க மாதங்களில் தரப்படும் ஸ்டீராய்டும் தசையையும் எலும்பையும் மெலியச் செய்யும். இத்தனைக்கும் பிறகு உடம்பு தேறி எழும் நேரத்தில், ஓடாதே, குதிக்காதே என்று நாம் உட்காரவைத்துவிடுகிறோம்.

உங்கள் மகள் ஒருக்களித்து எழுவது இதனால்தான். நேராக எழ வேண்டுமானால் வயிற்றின் நடுத்தசைகள் இழுக்க வேண்டும். அவை இழுக்காததால் பக்கத் தசைகளையும் கையையும் அவள் துணைக்கு அழைத்துக்கொள்கிறாள். இதைப் பயிற்சியால் சரிசெய்ய முடியும். பயிற்சியைத் தொடங்குவதற்கு முன், அவள் நின்று முக்கும்போதோ இருமும்போதோ தழும்பின் எந்தப் பகுதியாவது புடைத்து வெளித்தள்ளுகிறதா என்று பாருங்கள். புடைத்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம். அறுவை சிகிச்சை நிபுணர் பார்த்த பிறகுதான் வயிற்றுப் பயிற்சி. புடைப்பு இல்லையென்றால், மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் தூக்குவது, நான்கு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டிப் பிடிப்பது, சுவரில் சாய்ந்து நாற்காலியில் அமர்வதுபோல நிற்பது ஆகியவற்றைத் தினமும் சில நிமிடங்கள் செய்யவிடலாம். நேராக எழுந்து உட்காரும் பயிற்சியை எடுத்த எடுப்பில் கொடுக்க வேண்டாம். அதற்கு வலிமை வரும்போது அவளே செய்து காட்டுவாள்.

அளவு பற்றிச் சொல்வதானால், 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடங்கள் மிதமான அல்லது கடுமையான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும், அவற்றில் வாரத்துக்கு மூன்று நாள்களேனும் தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் வேலை இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல். கல்லீரல் மாற்றம் பெற்று உடல் தேறிய குழந்தைக்கும் சென்று சேர வேண்டிய இடம் அதுதான். ஆனால் 60 நிமிடத்தையும் ஒரே மூச்சில் எட்ட வேண்டியதில்லை. இப்போது சில நிமிடங்களில் களைத்துவிடுகிறாள் என்றால், அந்தச் சில நிமிடங்களை ஒரு நாளில் பல முறையாக்குங்கள். ஓடும்போது அவளால் பேச முடிய வேண்டும். பாட முடியாமல் இருக்க வேண்டும். வேகம் சரியாக இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். பேசவே முடியாமல் திணறினால் வேகத்தைக் குறைத்து நடக்கச் சொல்லுங்கள். சட்டென்று உட்காரவைக்க வேண்டாம்.

இதயம் மாற்றப்பட்ட குழந்தைகளுக்கு இதயத்தின் நரம்புகள் அறுபடுவதால் துடிப்பு மெதுவாகத்தான் ஏறும். அவர்களுக்கான எச்சரிக்கைகளை இணையத்தில் படித்துவிட்டுக் கல்லீரல் குழந்தைகளின் பெற்றோர் பயப்படுவதை அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் மகளின் இதயத்துக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை.

எவற்றைத் தவிர்ப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். ஓடுவதாலோ குதிப்பதாலோ கல்லீரல் இடம் பெயராது, தையல் பிரியாது. ஏழு ஆண்டுகளுக்கு முன்பே எல்லாம் ஆறி ஒட்டியிருக்கும். பயப்பட வேண்டியது வயிற்றில் நேராக விழும் பலத்த அடிக்கு மட்டுமே. ஆகவே குத்துச்சண்டை, மல்யுத்தம், ரக்பி, கராத்தேயில் நேருக்கு நேர் மோதும் பகுதி, கபடி ஆகியவை வேண்டாம் என்பதே என் கருத்து. கபடியை விட்டுவிடச் சொல்வது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வருத்தமாகத்தான் இருக்கும், ஆனாலும் மேலே விழுந்து அமுக்கும் விளையாட்டு அது. மண்ணீரல் பெரிதாக இருந்தால் இந்தக் கட்டுப்பாட்டை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். கோகோ, இறகுப்பந்து, மேசைப்பந்து, ஓட்டம், கயிறு தாண்டுதல், மிதிவண்டி எல்லாம் தாராளமாகச் செய்யலாம். பரதநாட்டியத்தை நான் தனியாகவே பரிந்துரைப்பேன். அரைமண்டியில் நிற்பது தொடையையும் இடுப்பையும் வலுப்படுத்துகிறது; தட்டி ஆடும் அடவுகள் கால் எலும்புக்கு நல்ல வேலை கொடுக்கின்றன; வெயிலில் நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. நீச்சல் மிக நல்லது, ஆனால் முறையாகக் குளோரின் போட்டுப் பராமரிக்கப்படும் குளத்தில் மட்டும். கிணறு, கண்மாய், ஆறு ஆகியவற்றில் இறக்க வேண்டாம். நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிடும் குழந்தைக்குத் தேங்கிய நீரின் கிருமிகள் ஆபத்தானவை.

வெயிலையும் கவனிக்க வேண்டும். இம்மருந்துகளை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்குத் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மதுரையில் பகல் பதினோரு மணி முதல் மூன்று மணி வரை மைதானத்தில் விடாமல், காலையிலோ மாலையிலோ, தொப்பியும் முழுக்கைச் சட்டையுமாக விளையாடவிடுங்கள்.

விளையாட்டு ஆசிரியர், அரசு உதவி பெறும் பள்ளி (மறுமொழி)

பள்ளித் தரப்பிலிருந்து ஒரு வார்த்தை சொல்லலாம் என்று எழுதுகிறேன். அந்த ஆசிரியர் உங்கள் மகளைப் படிக்கட்டில் உட்காரவைப்பது அக்கறையின்மையால் என்று நான் நினைக்கவில்லை. எங்களுக்குப் பயிற்சிக் காலத்தில் இத்தகைய குழந்தைகளைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. பெரிய அறுவை சிகிச்சை என்று கேட்டவுடன், ஒதுக்கி வைப்பதே பாதுகாப்பு என்று தோன்றிவிடுகிறது. எல்லாம் செய்யலாம் என்று பொதுவாக எழுதப்பட்ட மருத்துவச் சான்றிதழும் எங்களுக்குப் பெரிதாக உதவுவதில்லை.

உங்கள் மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள். எந்தெந்த விளையாட்டுகளில் சேர்க்கலாம், எவற்றில் கூடாது, எந்த அறிகுறி தெரிந்தால் நிறுத்தி வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், வயிற்றில் அடிபட்டால் எந்த எண்ணுக்கு அழைத்து எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அதில் பெயர் பெயராக இருக்கட்டும். அதைத் தலைமையாசிரியரிடமும் விளையாட்டு ஆசிரியரிடமும் நேரில் கொடுங்கள். குழந்தை சொந்தப் பாட்டிலில் கொதித்து ஆறிய நீர் கொண்டுவரட்டும். விளையாடும்போது தாகம் எடுத்தால் மைதானத்துக் குழாயை நாடாமல் இருக்க அது உதவும். வகுப்பில் யாருக்காவது அம்மை வந்தால் அன்றே உங்களுக்குச் சொல்லும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் அனுபவத்தில், ஒரு பிள்ளையை உட்காரவைத்தால் அதற்கு உடம்பு இளைப்பதைவிடக் கூச்சம் கூடுவதுதான் வேகமாக நடக்கிறது. முதல் பருவத்தில் அவளை ஓட்டப் போட்டிக்கு அனுப்ப வேண்டாம். தொடர் ஓட்டத்தில் குறுகிய தூரம், பந்து எறிதல், கோகோவில் உட்காரும் இடம் என்று, அணியோடு சேர்ந்து இருக்கும் பொறுப்பு கொடுக்கச் சொல்லுங்கள். நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

திருச்சி கல்லூரி மாணவர் (மறுமொழி)

அக்கா, எனக்கு ஆறு வயதில் கல்லீரல் மாற்றம் நடந்தது. இப்போது பொறியியல் இரண்டாம் ஆண்டு. பெற்றோர்களும் மருத்துவர்களும் பேசும் இடத்தில், அந்தக் குழந்தையாக இருந்தவன் சொல்ல வேண்டியதும் சிறிது உண்டு.

எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல், நான் எதற்கெல்லாம் ஆகாதவன் என்பதைத்தான் மற்றவர்கள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரும் கடுமையாகச் சொன்னதில்லை, எல்லாம் அன்பாகவே. ஆனால் கேட்டுக் கேட்டு, ஓடினால் எனக்கு ஏதோ உடைந்துவிடும் என்று நானே நம்பத் தொடங்கினேன். மூச்சு வாங்குவது எல்லாருக்கும் வரும் என்பதே எனக்குத் தெரியாது. ஓடும்போது மற்ற பையன்களுக்கும் இதயம் இப்படித்தான் அடிக்கும் என்பதை, பக்கத்து வீட்டு நண்பன் தன் நெஞ்சில் என் கையை வைத்துக் காட்டியபோதுதான் தெரிந்துகொண்டேன். ஆகவே உங்கள் மகளிடம், மூச்சு வாங்குவதும் வியர்ப்பதும் முகம் சிவப்பதும் நல்ல உடம்பின் வேலைதான் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் அவளோடு ஓடி, உங்களுக்கும் மூச்சு வாங்குவதை அவள் பார்க்கட்டும்.

தழும்பு பற்றியும் சொல்ல வேண்டும். நீச்சலுக்கு நான் பல காலம் போகாததற்குக் காரணம் கல்லீரல் அல்ல. சட்டையைக் கழற்ற வேண்டுமே என்ற தயக்கம். உடலை முழுக்க மூடும் நீச்சல் உடை வாங்கிக் கொடுத்த பிறகுதான் போனேன். பெண் குழந்தைக்கு இந்தத் தயக்கம் இன்னும் கூடுதலாக இருக்கலாம். நடன உடைக்கும் இது பொருந்தும். அவளாகச் சொல்லமாட்டாள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

உறுப்பு மாற்றம் பெற்றவர்களுக்கென்றே உலகப் போட்டிகள் நடக்கின்றன. 1978இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் நகரில் தொடங்கிய அவை 2023இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் 2025இல் ஜெர்மனியின் டிரெஸ்டனிலும் நடந்தன. சிறுவர் சிறுமியருக்கும் அவற்றில் தனிப் பிரிவுகள் உண்டு. அமெரிக்காவின் கிறிஸ் க்ளக் என்ற பனிச்சறுக்கு வீரர் 2000ஆம் ஆண்டு கல்லீரல் மாற்றம் செய்துகொண்டு, 2002இல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வென்றார். அது மாற்றம் பெற்றவர்களுக்கான தனிப் போட்டி அல்ல, எல்லாருக்குமான ஒலிம்பிக். அந்தப் பதக்கத்தோடு அவர் நிற்கும் படத்தை என் படிப்பு மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருந்தேன். உங்கள் மகள் பதக்கம் வாங்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தைக்கு, தன்னைப்போன்ற ஒருவர் ஓடுகிறார் என்று தெரிவதே பெரிய காரியம்.

மதுரை அம்மா

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. தம்பி எழுதியதை என் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். வெகு நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, நாளை முதல் நானே அவளைப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறேன் என்றார். தழும்பு பற்றிக் கேட்டபோது மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தம்பி சொன்னது சரிதான்.

இயன்முறை மருத்துவர் அம்மாவிடம் இன்னும் சில கேள்விகள். கடைசியாக எடுத்த பரிசோதனைத் தாளைப் பார்த்தேன். தட்டணுக்கள் ஒழுங்காக உள்ளன, மண்ணீரல் சற்றுப் பெரிது என்று ஸ்கேனில் எழுதியிருக்கிறது, ஹீமோகுளோபின் 9.8. ஓடி விளையாடிய நாள்களில் இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு அழுகிறாள். சத்துக்காகப் புரோட்டீன் பவுடர் கொடுக்கலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். மூலிகை லேகியம் ஒன்றையும் பரிந்துரைக்கிறார்கள். கொடுக்கலாமா? பூங்காவுக்குப் போகும் மாலை வேளை மருந்து நேரத்தோடு மோதுமா என்பதும் தெரியவில்லை.

குழந்தைகள் இயன்முறை மருத்துவர், சென்னை (மறுமொழி)

அம்மா, ஹீமோகுளோபின் 9.8 என்பது இந்த வயதுக்குக் குறைவு. 11.5க்குக் கீழே போனாலே இவ்வயதுக் குழந்தைக்கு ரத்தசோகை என்பார்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில் இதற்கும் கணிசமான பங்கு இருக்கும். நீங்களாக இரும்பு மருந்து வாங்கிக் கொடுக்க வேண்டாம். காரணம் இரும்புச்சத்துக் குறைவா, பூச்சித் தொல்லையா, மருந்தின் விளைவா, குடலில் எங்கேனும் ரத்தம் கசிகிறதா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். மலம் கறுப்பாகத் தார்போலப் போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மண்ணீரல் சற்றுப் பெரிதாக இருப்பது நோய்க்காலத்தின் மிச்சமாக இருக்கலாம். மாற்றத்துக்குப் பிறகும் அது முழுமையாகச் சுருங்காமல் இருப்பதுண்டு. தட்டணுக்கள் ஒழுங்காக இருப்பது நல்ல செய்தி. ஆயினும் பழைய ஸ்கேன்களோடு ஒப்பிட்டு, அதே அளவில் நிற்கிறதா, வளர்ந்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதுவரை நடை, மிதிவண்டி, நடனம் போதும். பிள்ளைகள் கூட்டமாக மோதிக்கொள்ளும் விளையாட்டு வேண்டாம்.

கெண்டைக்கால் பிடிப்பு பெரும்பாலும் பழக்கமில்லாத தசையின் வலிதான். ஆனால் டாக்ரோலிமஸ் சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீர் வழியாக மெக்னீசியம் அதிகம் வெளியேறிவிடும். அது குறைந்தாலும் தசை பிடிக்கும். வைட்டமின் டி குறைவும் கால் வலி தரும். விளையாடி வந்ததும் தண்ணீர் நிறையக் கொடுங்கள். இந்த மருந்து சிறுநீரகத்துக்குச் சுமை தரக்கூடியது. வியர்த்து உடல் வறண்டால் அந்தச் சுமை கூடும். வலி ஒரே பக்க இடுப்பிலோ முழங்காலிலோ இருந்து, அவள் நொண்டி நடந்தால் மட்டும் அது பயிற்சி வலி என்று விட்டுவிடாதீர்கள். ஸ்டீராய்டு சாப்பிட்ட குழந்தைகளுக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதி பாதிக்கப்படுவது அரிதாக நேரும். படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

லேகியம் வேண்டவே வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. சில மூலிகைகள் கல்லீரலையே தாக்கும். சில, ரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவை ஏற்றியோ இறக்கியோ விடும். பம்பளிமாஸ் பழமும் அந்த அளவை ஏற்றிவிடும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கும். புரோட்டீன் பவுடரும் தேவையில்லை. முட்டை நன்றாக வேகவைத்து, பருப்பு, கொண்டைக்கடலைச் சுண்டல், வீட்டில் உறையூற்றிய தயிர், மீன் என்று மூன்று வேளையும் பிரித்துக் கொடுங்கள். கல்லீரல் நோய்க்காரருக்குப் புரதம் ஆகாது என்று உறவினர்கள் சொல்வது உங்கள் மகளுக்குப் பொருந்தாது; அவளுடைய கல்லீரல் நன்றாகவே வேலை செய்கிறது, தசை வளரப் புரதம் வேண்டும்.

மருந்து பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் போக வேண்டியது. நீங்கள் காலை எட்டும் இரவு எட்டுமாகக் கொடுப்பவர் என்றால், ஐந்து மணிக்குப் பூங்கா சென்று ஆறரைக்குத் திரும்புவதால் எந்த இடைஞ்சலும் இல்லை. விளையாட்டு விழா, சுற்றுலா போன்ற நாள்களில் மட்டும் வேளை தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கும் நாளில், ரத்தம் எடுத்த பிறகே காலை மருந்து. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, கண் மஞ்சளானாலோ, கழுத்தில் நெறி கட்டினாலோ, வயிறு உப்பினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். சாதாரணச் சளிக்கு ஓரிரு நாள் ஓய்வு போதும், பிறகு பாதி அளவில் தொடங்கலாம்.

முன்னேற்றத்தை வீட்டிலேயே பார்க்க எளிய வழி உண்டு. மருத்துவமனைகளில் 30 மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கவைத்துத் தூரத்தை அளப்போம். நீங்கள் பூங்காவிலேயே ஒரு நேர்ப்பாதையை அளந்து குறித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை, அதே நேரத்தில், அதே செருப்போடு நடக்கவைத்து எழுதி வையுங்கள். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து அரை நிமிடத்தில் எத்தனை முறை எழுந்து உட்காருகிறாள் என்பதையும் அதன் பக்கத்தில் குறியுங்கள். மற்ற பிள்ளைகளின் கணக்கோடு ஒப்பிடாமல், அவளுடைய போன மாதக் கணக்கோடு மட்டும் ஒப்பிடுங்கள். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் தூரம் கூடவில்லை என்றால், எக்கோ உள்ளிட்ட இதய, நுரையீரல் பரிசோதனைகளை உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் மெக்னீசியம், வைட்டமின் டி, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மூன்றையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். முடிவுகள் வந்ததும் உங்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டு, மண்ணீரலின் பழைய, புதிய அளவுகளோடு இங்கே பதிவிடுங்கள். பள்ளிக்கான கடிதத்தில் எந்தெந்த விளையாட்டுகளைக் குறிப்பிடுவது என்பதை அதைப் பார்த்த பிறகு சேர்ந்து முடிவு செய்யலாம்.